மறுபடி மேடையேறும் நகைச்சுவை நாடகக் குழு: கோவைக்கு வந்து பார்ப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

எப்போதோ பிரிந்தோ ஓய்ந்தோ போன ஒரு நகைச்சுவை நாடகக் குழு மீண்டும் மேடையேறப் போகிறது என்ற செய்தி வந்ததும், கோவையிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் எழும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. நாடக ஏற்பாடுகளில் கைகொடுப்பவன் என்பதால் அவை தொலைபேசியிலும் அரங்க வாசலிலும் கல்யாணப் பந்தியிலும் என்னை வந்து சேர்கின்றன. கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே வைத்து, பதில்களை எழுதியிருக்கிறேன். எளியவை முதலிலும் சிக்கலானவை பின்னாலும் வருகின்றன.

மறுபடி சேர்ந்து போடறாங்கன்னா என்னங்க அர்த்தம்? அதே ஆளுங்க, அதே நாடகமா?

விளம்பரத்தில் ஒரே மாதிரி எழுதியிருந்தாலும், அதற்குள் மூன்று விதமான நிகழ்ச்சிகள் இருக்கலாம். முதலாவது, உண்மையாகவே தனித்தனி வழியில் போனவர்கள் சில காட்சிகளுக்காக மட்டும் ஒன்றுகூடுவது. 1969-இல் பிபிசி தொலைக்காட்சியில் தொடங்கிய மான்டி பைத்தான் என்ற பிரிட்டிஷ் குழு, 2014 ஜூலையில் லண்டன் ஓ2 அரங்கில் 10 காட்சிகள் மட்டும் நடத்தியது இந்த வகை. பெரும்பாலும் பழைய நகைச்சுவைத் துணுக்குகளையே பாட்டும் நடனமும் சேர்த்து விரித்து நடித்தார்கள். பார்க்க வந்தவர்களும் அதைத்தான் விரும்பினார்கள்.

இரண்டாவது, கலையாத குழு ஒன்று பெரிய இழப்புக்குப் பிறகு மீண்டும் எழுந்து நிற்பது. 1979-இல் தொடங்கிய கிரேஸி கிரியேஷன்ஸ் என்ற நாடகக் குழு, அதன் நாடகங்களை எழுதிய கிரேஸி மோகன் 2019 ஜூன் 10 அன்று மறைந்த பிறகும் அவருடைய தம்பி மாது பாலாஜியை முன்னிறுத்தி மேடையேறியது இதற்கு எடுத்துக்காட்டு. மூன்றாவது, பெயர் மட்டும் பழையதாகவும் ஆட்கள் முழுக்கப் புதியவர்களாகவும் இருப்பது. அதில் தவறொன்றும் இல்லை, 1952-இல் ஒய்.ஜி.பார்த்தசாரதி தொடங்கிய யுஏஏ (யுனைடெட் அமெச்சூர் ஆர்ட்டிஸ்ட்ஸ்) போன்ற குழுக்கள் தலைமுறை மாறித்தான் இத்தனை காலம் நிலைத்திருக்கின்றன. ஆனால் முதல் வகை என்று நம்பி வந்து மூன்றாவது வகையைப் பார்ப்பவர்கள்தான் மனக்குறையோடு திரும்புகிறார்கள். ஆகவே குழுவின் பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் உள்ள நடிகர் பட்டியலைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். பட்டியலே இல்லையென்றால் ஏற்பாட்டாளரிடம் கேளுங்கள்.

டிக்கெட் எங்கீங்க கிடைக்கும்? டோனர் பாஸ்னு சொல்றாங்களே, அது நம்மளுக்கெல்லாம் தருவாங்களா?

கோவையில் நாடகத்துக்கு உள்ளே போக மூன்று வழிகள் உண்டு. புக்மைஷோ போன்ற தளங்களிலோ அரங்க வாசலிலோ விலை கொடுத்து வாங்குவது ஒன்று. சபா உறுப்பினராக இருந்து ஆண்டுச் சந்தாவிலேயே பார்ப்பது இன்னொன்று. மூன்றாவதுதான் டோனர் பாஸ். ஏதேனும் ஓர் அறக்கட்டளையோ ரோட்டரி, லயன்ஸ் போன்ற சங்கமோ நிதி திரட்டுவதற்காக அந்தக் காட்சியை மொத்தமாக ஏற்றுக்கொள்ளும்; நன்கொடை கொடுப்பவர்களுக்கு, தொகைக்கு ஏற்ப, முன் வரிசை இருக்கைகளைத் தரும். நன்கொடை கொடுத்தால் யாருக்கும் கிடைக்கும். தெரிந்தவர் மூலமாகத்தான் வாங்க வேண்டும் என்பதில்லை.

பாஸ் வாங்கும்போது இரண்டு கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இது ஒருவருக்கா, இருவருக்கா? இருக்கை எண் உண்டா, அல்லது முதலில் வருபவருக்கு முதல் இடமா? மான்டி பைத்தானின் முதல் காட்சிக்கு 43.5 வினாடிகளில் டிக்கெட் தீர்ந்தது. நம் ஊரில் அந்த வேகம் கிடையாது. இருந்தாலும், நன்கொடையாளர் வரிசைகளைக் கழித்த பிறகே பொதுவிற்பனைக்கு வருவதால், பெரிய அரங்கிலும் வாங்கக் கிடைக்கும் நல்ல இருக்கைகள் நீங்கள் நினைப்பதைவிடக் குறைவு.

முன்னாடி வரிசையிலயே உட்காரோணுங்களா?

வேண்டாம். முன் வரிசையில் அமர்ந்தால் கழுத்தைத் தூக்கிப் பார்க்க வேண்டியிருக்கும் என்பதைக் காட்டிலும் பெரிய இழப்பு ஒன்று உண்டு. நகைச்சுவை நாடகத்தில் சிரிப்பு பாதி பேசுபவரிடமும் பாதி கேட்டுக்கொண்டு நிற்பவர் முகத்திலும் இருக்கிறது. மேடையின் இரு ஓரங்களும் ஒரே பார்வையில் விழும் தொலைவு தேவை. ஐந்தாம் வரிசையிலிருந்து பத்தாம் வரிசைக்குள், நடுப்பகுதியில் இடம் கிடைத்தால் யோசிக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.

முன்பெல்லாம் மேடைக்கு மேலே இரண்டு மூன்று மைக்குகளைத் தொங்கவிட்டிருப்பார்கள். நடிகர்கள் அவற்றின் கீழே வந்து நின்று பேசுவார்கள். இப்போது பல குழுக்கள் காலர் மைக் அணிகின்றன. அதனால் பின் வரிசையிலும் வசனம் கேட்கும். காது மந்தமான பெரியவர்களை ஒலிபெருக்கிக்கு நேர் எதிரே அமர்த்தினால் நன்றாகக் கேட்கும் என்று நினைக்கிறார்கள். அங்கே இரைச்சல்தான் கூடும், சொல் தெளிவாகாது. அவர்களுக்கும் நடு இடமே நல்லது.

ஆறரைன்னு போட்டிருந்தா ஏழு மணிக்குப் போனாப் போதுமில்லீங்க?

போதாது. வரவேற்புரை, பொன்னாடை, நன்றியுரை என்று தொடக்கம் நீள்வது உண்மைதான். ஆனால் அதை நம்பித் தாமதமாக வருபவர் இருட்டில் தடவிக்கொண்டு பத்துப் பேரின் காலை மிதித்துப் போகும் நேரத்தில்தான் நாடகத்தின் முடிச்சு விழுகிறது. ஆள்மாறாட்டக் கதைகளில் முதல் பத்து நிமிடத்தைத் தவறவிட்டவர் பிறகு பக்கத்து இருக்கைக்காரரிடம் விளக்கம் கேட்டுக்கொண்டே இருப்பார்; அந்தப் பக்கத்து இருக்கைக்காரரின் நிலையையும் நினைத்துப் பாருங்கள்.

நாங்க கோபி பக்கம். நாடகம் முடிஞ்சு ஊருக்குத் திரும்ப பஸ் இருக்குமுங்களா?

இடைவேளையோடு சேர்த்து இரண்டிலிருந்து இரண்டரை மணி நேரம் என்று கணக்கிடுங்கள். ஆறரை மணிக் காட்சி முடிந்து வாசலுக்கு வர ஒன்பதரை ஆகலாம். கோபி, சத்தியமங்கலம், ஈரோடு, திருப்பூர்க்காரர்களுக்குக் காந்திபுரம். பொள்ளாச்சி, உடுமலை, பழனி வழிக்கு உக்கடம். மதுரை, திருச்சிப் பக்கத்துக்குச் சிங்காநல்லூர். மேட்டுப்பாளையத்துக்கும் ஊட்டிக்கும் போகிறவர்கள் மேட்டுப்பாளையம் சாலைப் பேருந்து நிலையத்துக்குப் போக வேண்டும். நாடகம் எந்த அரங்கில் நடக்கிறது என்பதைவிட, அங்கிருந்து உங்கள் பேருந்து நிலையம் எவ்வளவு தூரம் என்பதுதான் முக்கியம். பிரதானச் சாலை ஊர்களுக்கு இரவிலும் பேருந்து உண்டு; அங்கிருந்து உள்ளே இருக்கும் கிராமத்துக்குப் போகும் கடைசி டவுன் பஸ்தான் போய்விடுகிறது. அதற்கு உங்கள் வண்டியை அந்தப் பிரதானச் சாலை ஊரின் பேருந்து நிலையத்தில் விட்டுவிட்டு வாருங்கள், அல்லது கோவையில் உள்ள உறவினர் வீட்டுக்கு ஒரம்பரையாகப் போய்த் தங்கி மறுநாள் வெள்ளெனக் கிளம்புங்கள்.

காரில் வருபவர்களுக்கு ஒரு சொல். திருப்பூர், அவிநாசிப் பக்கத்திலிருந்து வருவோருக்கு, 2025 அக்டோபரில் திறக்கப்பட்ட 10.1 கிலோமீட்டர் நீளமுள்ள ஜி.டி.நாயுடு மேம்பாலம் பெரிய உதவி. ஆனால் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பொழுதோடு ஒரு மழை அடித்துப் பெய்தால், லங்கா கார்னர், கிக்கானி பள்ளிச் சுரங்கப் பாதை, அவிநாசி சாலைப் பழைய மேம்பாலத்தின் அடிப்பகுதி ஆகியவற்றில் தண்ணீர் நின்றுவிடும். நாடகம் கிக்கானி பள்ளியில் உள்ள சரோஜினி நடராஜ் கலையரங்கத்தில் என்றால் மழை நாளில் ஒரு மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். முகூர்த்த நாளும் சேர்ந்துகொண்டால் நான் சொல்ல ஒன்றுமில்லை.

குழந்தைகளைக் கூட்டிட்டு வரலாமுங்களா?

எட்டு வயதுக்கு மேல் என்றால் தாராளமாக. சொல் விளையாட்டு புரியாவிட்டாலும், கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வதும் ஒட்டுமீசை கழன்று விழுவதும் அவர்களுக்குப் புரியும். கைக்குழந்தையோடு வருபவர்கள் ஓர இருக்கையைக் கேட்டு வாங்குங்கள்.

நேர்ல பாத்ததே இல்லீங்க, கேசட்டுலயும் யூடியூபுலயும் கேட்டதுதான். வர்றதுக்கு முன்னால இன்னொருக்கா பாத்துட்டு வரட்டுங்களா?

எஸ்.வி.சேகரின் நாடகங்களும் கிரேஸி குழுவின் நாடகங்களும் ஒலிநாடாவாக வீடு வீடாகச் சுற்றிய காலத்தில், மேடையையே பார்க்காமல் அவற்றைக் காதால் மட்டும் அறிந்த ஒரு தலைமுறை இங்கே உருவானது. அவர்களுக்கு முதன்முறை நேரில் பார்க்கும்போது ஒரு வியப்பு காத்திருக்கிறது: ஒலிநாடாவில் காரணம் புரியாமல் கேட்ட பெருஞ்சிரிப்புகளுக்கெல்லாம் காரணம் அங்கே கண்ணெதிரே நடக்கும். யாரோ ஒருவர் நாற்காலியில் உட்காரப் போய் உட்காராமல் எழுந்திருப்பார், அவ்வளவுதான். ஆனால் நாடாவில் அது வெறும் இடைவெளியாகத்தான் பதிவாகியிருக்கும்.

அதனால் என் ஆலோசனை, வருவதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே பழைய பதிவைக் கேட்காதீர்கள். கதை மங்கலாக நினைவிருந்தால் போதும். முந்தின நாள் கேட்டுவிட்டு வருபவர் மேடையில் நடப்பதைப் பார்ப்பதில்லை. பதிவோடு ஒப்பிட்டுச் சரிபார்த்துக்கொண்டிருப்பார். நாடகத்தை அறியாத துணைவரையோ நண்பரையோ அழைத்து வருவதானால், அவருக்கு மட்டும் பாத்திரங்களின் பெயர்களைச் சொல்லி வையுங்கள். கிரேஸி நாடகம் என்றால் நாயகன் மாது, கூட வரும் நண்பன் சீனு, நாயகி ஜானகி என்பதற்கு மேல் ஒன்றும் தேவையில்லை.

வசனமெல்லாம் எனக்கு மனப்பாடமுங்க. அவங்க சொல்றப்ப கூடவே சொன்னா தப்பா?

மனத்துக்குள் சொல்லுங்கள். இதில் நான் சற்றுக் கண்டிப்பாகவே இருக்கிறேன். நகைச்சுவை நடிகர் ஒரு வசனத்தின் கடைசிச் சொல்லுக்கு முன் அரை நொடி நிறுத்துவது அரங்கம் மூச்சைப் பிடித்துக்கொள்வதற்காக. அந்த அரை நொடியில் மூன்றாம் வரிசையிலிருந்து ஒருவர் அந்தச் சொல்லை உரக்கச் சொல்லிவிட்டால், நடிகர் அதை மீண்டும் சொல்லி யாரைச் சிரிக்க வைப்பார்? அரங்கில் எப்போதும் முதன்முறை பார்ப்பவர்கள் சிலர் இருக்கிறார்கள். அவர்களுக்குரியதை நாம் எடுத்துக்கொள்ளக் கூடாது.

விதிவிலக்கு உண்டு. நடிகரே முன்னால் வந்து, கையைக் காதில் வைத்து, “மீதியை நீங்கள் சொல்லுங்கள்” என்று அழைத்தால் கூரை அதிரச் சொல்லலாம். மீண்டும் கூடும் குழுக்கள் ஒரே ஓரிடத்திலாவது இப்படிச் செய்கின்றன. அதுவரை பொறுத்திருப்பது கடினமில்லை.

போன்ல ரெண்டு நிமிசம் எடுத்துக்கறனுங்க. வீட்ல அம்மாவுக்குக் காட்டோணும்.

நாடகம் நடக்கும்போது வேண்டாம். இருட்டில் ஒளிரும் ஒரு திரை பின்னால் உள்ள அத்தனை பேரின் கண்ணையும் இழுக்கும். மேடையில் இருப்பவருக்கும் அது தெரியும். முடிந்ததும் எல்லோரும் வரிசையாக வந்து வணங்கும்போது எடுத்துக்கொள்ளுங்கள்; பெரும்பாலான குழுக்கள் அதைத் தடுப்பதில்லை. அம்மாவால் பயணம் செய்ய முடியும் என்றால் அவரையே அழைத்து வாருங்கள். சக்கர நாற்காலி நுழைவு குறித்து முன்பே தொலைபேசியில் கேட்டுவிடுவது நல்லது.

முக்கியமானவரே இப்ப இல்லீங்களே. அவரில்லாம பாக்கறதுக்கு என்னங்க இருக்குது?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் பாதிப்பேர் கடைசியில் வந்துவிடுகிறார்கள். மீதிப்பேர் வராமலே இருந்துவிடுகிறார்கள். இரண்டும் எனக்குப் புரிகிறது. இழந்தவரின் இடத்தை ஒரு குழு என்ன செய்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் முடிவெடுப்பது எளிதாகும்.

ஒரு வழி, அவருடைய பழைய காட்சிகளைத் திரையில் காட்டுவது. மான்டி பைத்தான் குழுவின் கிரகாம் சாப்மன் 1989 அக்டோபர் 4 அன்று இறந்தார். 2014 நிகழ்ச்சியில் அவர் பழைய படப்பதிவுகளில் தோன்றினார். “ஒருவர் போயாயிற்று, இன்னும் ஐந்து பேர் பாக்கி” என்ற பொருளில் விளம்பரத்திலேயே தங்கள் வருத்தத்தைக் கேலியாக்கிக்கொண்டார்கள். இன்னொரு வழி, அந்தப் பாத்திரத்தை வேறொருவருக்குக் கொடுப்பது. தமிழ் மேடையில் இதுவே வழக்கம், ஏனென்றால் நம் நாடகங்கள் தனித்தனித் துணுக்குகளாக இல்லாமல் தொடர்கதையாக இருக்கின்றன. ஒரு பாத்திரத்தை உருவினால் மொத்தமும் சரிந்துவிடும். கிரேஸி மோகன் எழுதியவர் மட்டுமல்லர், தம் நாடகங்களில் நடித்தவரும்கூட. எழுத்து அப்படியே இருக்கிறது. அவர் வேகமாகப் பேசிவிட்டு ஒன்றும் அறியாதவர்போல நிற்கும் நிலைதான் இல்லை. அதை யாராலும் திருப்பித் தர இயலாது. புதியவர் அதை நகல் எடுக்க முயன்றால் பார்க்கவே சங்கடமாக இருக்கும். முயலாமல் தன் போக்கில் செய்தால் கால்மணி நேரத்தில் நாம் அவரை ஏற்றுக்கொண்டுவிடுவோம்.

அந்தக் கால்மணி நேரத்தை அவருக்குக் கொடுங்கள். மாற்று நடிகர் முதன்முதல் உள்ளே வரும்போது அரங்கம் திடீரென்று அமைதியாகிவிடுவதைப் பலமுறை கவனித்திருக்கிறேன். அது மறைந்தவருக்கான மரியாதை என்பது நமக்குத் தெரியும். எதிரே விளக்கொளியில் நிற்பவருக்கு அது நிராகரிப்பாகவே தெரியும். அந்த நேரத்தில் நான்கு பேர் கைதட்டினால் போதும், அவர் தோள் இறங்குவதைப் பார்க்கலாம்.

எல்லாருக்கும் வயசாயிருச்சு. நடுவுல வசனம் மறந்துட்டா பாக்க சங்கடமா இருக்காதுங்களா?

மறக்கத்தான் செய்வார்கள். இளைஞர்களும் மறக்கிறார்கள். திரைக்குப் பின்னால் ஏட்டைப் பிடித்துக்கொண்டு அடியெடுத்துக் கொடுக்க ஒருவர் நிற்பார். அதற்கும் முன்பே எதிரில் நிற்கும் நடிகர் கேள்வி கேட்பதுபோல் அடுத்த வசனத்தை நினைவூட்டிவிடுவார். முப்பது வருடப் பழக்கமுள்ளவர்கள் இப்படி ஒருவரையொருவர் காப்பாற்றுவதைப் பார்ப்பதே தனி இன்பம். 2014 லண்டன் நிகழ்ச்சியில் மான்டி பைத்தான் குழுவின் டெரி ஜோன்ஸ் வசனத்துக்குத் திரை உதவியை நாட வேண்டியிருந்தது. அவருக்கு மொழியையே மெல்ல அழிக்கும் மூளைப் பாதிப்பு இருப்பது 2016-இல்தான் வெளியே தெரிந்தது. 2020 ஜனவரியில் அவர் மறைந்தார். ஆக, மேடையில் நாம் காணும் தடுமாற்றத்தின் காரணம் நமக்குத் தெரியாமலிருக்கலாம். கேலியாகக் கூவுவதற்கு முன் அதை நினைக்க வேண்டும்.

பழைய ஜோக்குல சிலது இப்பக் கேட்டா உறுத்துது. அப்பவும் சிரிக்கோணுமா?

சிரிக்க வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. மனைவியை மட்டம் தட்டுவது, நிறத்தையும் உடலையும் கிண்டல் செய்வது, வேலைக்காரரின் பேச்சைப் பழிப்பது ஆகியவை எண்பதுகளின் மேடையில் சர்வசாதாரணமாக இருந்தன. விவரமான குழுக்கள் அவற்றைச் சத்தமில்லாமல் எடுத்துவிடுகின்றன. எடுக்காத குழுக்களுக்கு அரங்கத்தின் மௌனத்தைவிடத் தெளிவான விமர்சனம் வேறில்லை. எந்த வசனத்துக்குச் சிரிப்பு வரவில்லை என்பதை நடிகர் அன்றிரவே கணக்குப் பார்த்துவிடுவார். எல்லாவற்றையும் அந்தக் காலம் அப்படி என்று விட்டுவிடச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அதே வேளை, ஒரு வசனம் உறுத்தியதற்காக இரண்டு மணி நேர நாடகத்தையே ஒதுக்குவதும் எனக்குச் சம்மதமில்லை.

அதெல்லாம் மயிலாப்பூர்ப் பேச்சுங்க. நம்மூர்க்காரங்களுக்கு அந்தச் சிரிப்பு ஒட்டுமா?

ஒட்டியிருக்கிறது, கேசட் பற்றிய பதிலில் சொன்ன தலைமுறையே அதற்குச் சான்று. ஆனால் நாம் சிரிக்கும் விதம் வேறு. முகத்தில் எதுவும் காட்டாமல் ஒரே ஒரு வரியைச் சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்ப்பது நம் கோவைக் குசும்பு. உடுமலைப் பக்கத்து வல்லகுண்டாபுரத்தில் பிறந்த கவுண்டமணியும் சூலூர் மணிவண்ணனும் கோவை சரளாவும் தமிழ்நாடு முழுவதையும் சிரிக்க வைத்தார்கள். அவர்களைக் கேட்டு வளர்ந்த காது நம்முடையது. சபா நாடகத்தில் அப்படியில்லை: ஒரு பொய்யை மறைக்க இன்னொரு பொய், ஒரு சிலேடையின் வாலைப் பிடித்து அடுத்த சிலேடை என்று வரிக்கு வரி அடுக்கிக்கொண்டே போவார்கள்.

இதனால் நம் ஊர் அரங்குகளில் ஒரு சிக்கல் வருகிறது. முதல் வரிக்கு நாம் நிறுத்தி நிதானமாகச் சிரிக்கிறோம்; அதற்குள் இரண்டு வரிகள் கடந்துபோய்விடுகின்றன. அனுபவமுள்ள குழு முதல் காட்சியிலேயே இதை உணர்ந்து வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். நெடுநாள் கழித்துக் கூடும் குழுவுக்கு அந்தக் கணிப்பு கொஞ்சம் மறந்திருக்கும். ஆரம்பத்தில் சில வரிகள் தவறினால் கவலைப்படாதீர்கள், பக்கத்தில் இருப்பவரிடம் கேட்காதீர்கள்; அவர்கள் சொல்லி முடிப்பதற்குள் இன்னும் இரண்டு போய்விடும்.

சும்மா காசுக்காகத்தானே இப்ப வந்து சேர்றாங்க?

காசும் ஒரு காரணமாக இருக்கலாம். மான்டி பைத்தான் குழுவினர் இதை ஒளிக்கவேயில்லை; தங்கள் திரைப்படத்தின் தயாரிப்பாளர் ஒருவர், அந்தப் படத்தை வைத்து உருவான இசை நாடகத்தில் உரிமைத் தொகை கேட்டுத் தொடுத்த வழக்கில் 2013-இல் தோற்று, அதன் செலவு தலைமேல் நின்றதும் மீண்டும் கூடுவதற்கு ஒரு காரணம் என்று வெளிப்படையாகப் பேசினார்கள். அதற்காக யாரும் குறைவாகச் சிரிக்கவில்லை.

தமிழ் மேடை நாடகத்தில் கணக்கு வேறு. பத்துப் பதினைந்து பேருக்குச் சென்னையிலிருந்து ரயில் கட்டணம், தங்குமிடம், சாப்பாடு, செட்டுகளை ஏற்றி வரும் வண்டி, அரங்க வாடகை, ஒலி, ஒளி என்று கழித்த பிறகு நடிகர் கைக்கு வருவது சினிமாவோடு ஒப்பிடக்கூடிய தொகையே அல்ல. அவர்களில் பலர் வங்கியிலும் அலுவலகத்திலும் வேலை பார்த்துக்கொண்டே நடித்தவர்கள். சேரன் எக்ஸ்பிரஸில் இரவு முழுவதும் பயணம் செய்து காலையில் இறங்கி, மாலையில் நடித்துவிட்டு, அன்றிரவே வண்டியேறுகிறவர்களைப் பார்த்த பிறகு இந்தக் கேள்வியை நான் அவ்வளவு எளிதாக எடுத்துக்கொள்வதில்லை.

முடிஞ்சதும் மேடைக்குப் பின்னால போய்ப் பாக்கலாமுங்களா?

ஏற்பாட்டாளரிடம் கேட்டுவிட்டுப் போகலாம். ஒப்பனை கலைக்கக் கால்மணி நேரம் விடுங்கள். அவர்களுக்கு ரயில் நேரம் இருக்கலாம் என்பதால் இரண்டே வாக்கியம் பேசுங்கள். அதில் ஒன்று, அவர்களுடைய எந்த வசனம் உங்கள் வீட்டில் இன்றும் வழங்குகிறது என்பதாக இருக்கட்டும். மறைந்தவரைப் பற்றிப் பேச விரும்பினால் பேசுங்கள், அதை அவர்கள் விரும்புகிறார்கள். “அவர் இருந்தபோது இன்னும் நன்றாக இருந்தது” என்று மட்டும் சொல்லாதீர்கள்.

ஒரே நாள்ல மத்தியானம் ஒண்ணு, சாயந்திரம் ஒண்ணுன்னு ரெண்டு காட்சி போட்டிருக்காங்க. எதுக்குப் போறதுங்க?

இளம் குழுவாக இருந்தால் மாலைக் காட்சியைச் சொல்வேன். பகலில் செட்டும் ஒலியும் சரிபார்க்கப்பட்டு, எல்லாம் ஒரு ஒழுங்குக்கு வந்திருக்கும். வயதானவர்கள் நடிக்கும் குழுவுக்கு மதியக் காட்சியே மேல். தொண்டை தெளிவாக இருக்கும், ஓடிப் பிடிக்கும் இடங்களில் உண்மையாகவே ஓடுவார்கள். மாலையில் அதே இடத்தில் நடந்து சமாளிப்பார்கள். ஆனால் சனி ஞாயிறு என்று இரண்டு நாள் நடந்தால் ஞாயிற்றுக்கிழமைக்கு வாருங்கள். முதல் நாள் பதற்றம் போயிருக்கும், நடுவில் ஓர் இரவு ஓய்வும் கிடைத்திருக்கும்.

கோபிக்காரர் கேட்ட பேருந்துக் கேள்விக்கும் மதியக் காட்சியே நல்ல விடை. மூன்று மணிக்குத் தொடங்கினால் ஆறு மணிக்குள் காந்திபுரத்தில் இருக்கலாம், கடைசி டவுன் பஸ்ஸையும் பிடித்துவிடலாம். திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்குப் போகிறவர்கள் சனிக்கிழமைக்கு வாங்கிவிட்டு, வேலை முடியாமல் டிக்கெட்டை வேறு யாருக்காவது தள்ளிவிட அலைகிறார்கள். ஞாயிறு கிடைக்கிறதா என்று முதலில் பாருங்கள்.